உப்புப் பார்க்க ஓர் ஆள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மணிக்கூண்டின் அடியில் ஒரு பச்சைக் குடை விரிந்திருந்தால் அதற்குக் கீழே நடையக்கா நிற்கிறாள் என்று பொருள். மழையில்லாத நாளிலும் குடை விரிந்துதான் இருக்கும். வெளியூரிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரை ஒருவர் தெரியாமல் விழித்துக்கொண்டு அந்தக் குடையைச் சுற்றி வந்து நிற்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய கடைத்தெருவுக்குள் நுழைந்து, இங்கே இதைச் சாப்பிடுங்கள், இங்கே இதைக் குடியுங்கள், இங்கே நின்று இந்தப் படத்தைப் பாருங்கள் என்று மூன்று மணி நேரம் நடத்திக்கொண்டு போவதுதான் அவளுடைய தொழில்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் தெருமுனைப் பேக்கரியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். வழி கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் வழி சொல்ல அவளுக்கு வராது. கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாதி தூரம் கூடவே போய்க் காட்டிவிட்டு வருவாள். அவள் திரும்புவதற்குள் ரொட்டி வாங்க வந்தவர்கள் வாசல் வரைக்கும் நிற்பார்கள். ஒருநாள் பேக்கரிக்காரம்மா பொறுக்க முடியாமல், ஊருக்கெல்லாம் வழி காட்டுவதுதான் உனக்கு வேலையென்றால் அதையே பண்ணித் தொலை என்றார். கோபத்தில் சொன்னதுதான். இவள் அதை வரமாக எடுத்துக்கொண்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயோடு காலும் உள்ள பிள்ளை.

நடையில் ஐந்து இடங்கள். முதலில் அந்தப் பேக்கரியேதான். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியைக் கையால் பிய்த்து வெண்ணெய் தொட்டுத் தின்ன வேண்டும்; கத்தி கேட்டால் பேக்கரிக்காரம்மா முறைப்பார். அடுத்தது இஞ்சி தட்டிப் போட்ட எலுமிச்சைச் சாறு விற்கும் கடை. அதற்கடுத்தது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சட்டம் போடக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் படங்களையெல்லாம் கடைக்காரர் கூரை வரைக்கும் மாட்டி வைத்திருந்தார். யாரோ ஒரு தம்பதியின் கல்யாணப் படம், புயலில் சாய்ந்த கப்பல், பென்சிலால் வரைந்த ஒரு கழுதை. அந்தப் பேட்டையில் அதைவிட்டால் வேறு ஓவியக்கூடம் கிடையாது. நான்காவது, மூடிப்போன நூல் மில்லின் நீண்ட மதில். அக்கா தங்கை இரண்டு பேர் ஒரு கோடை முழுவதும் ஏணியில் நின்று அதில் தெருவின் ஆட்களையெல்லாம் ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். ஐந்தாவது சூப்புக்கடை. சூப்புக்கடைக்காரர் நடையக்காவின் வீட்டுக்காரர்.

இந்த ஐந்து இடங்களையும் ஏன் இந்த வரிசையில் வைத்தாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்லாவில் இருந்தபோது, ஒரு ஒல்லிப் பையன் தன் அப்பாவின் சூப்புக்கடைக்கு ரொட்டி வாங்கத் தினமும் வருவான். வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து நடப்பார்கள். சாறுக்கடையில் ஒரு தம்ளரை வாங்கி இரண்டு பேர் குடிப்பது, சட்டக்கடையில் காசில்லாமல் படம் பார்ப்பது, ஆள் நடமாட்டமில்லாத மில் மதிலோரம் வேண்டுமென்றே மெதுவாக நடப்பது, கடைசியில் அவனுடைய அப்பா கண்ணில் படாமல் சூப்புக்கடைத் திருப்பத்தில் பிரிவது. அந்த மதில் அப்போது வெறும் காரைச் சுவர். அதில் வரைந்திருந்ததெல்லாம் அவர்கள் மனசுக்குள் இருந்ததுதான். இப்போது வெளியூர்க்காரர்கள் தலைக்கு இவ்வளவென்று கொடுத்து அவளுடைய காதலைத்தான் நடந்து பார்க்கிறார்கள். அதை நினைத்தால் சில நாள் அவளுக்கே சிரிப்பு வரும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் வீட்டில் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. அவள் பத்து நாளில் எழுந்துவிட்டாள். அவருக்கும் காய்ச்சல் விட்டது. ஆனால் போகிற போக்கில் மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மணம் கிடையாது, ருசி கிடையாது. திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். காலையும் மாலையும் கிராம்பு, ஆரஞ்சுத் தோல், நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றையும் முகர்ந்து பழகச் சொன்னார். அவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கிராம்பை மூக்கருகே பிடித்திருப்பார். கொழுந்தன், அதாவது கடையில் கிண்ணம் கழுவிப் பரிமாறும் அவருடைய தம்பி, அதைப் பார்த்துவிட்டு, அண்ணன் கிராம்புக்குச் சாமி கும்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பான். அவன் கேலி செய்தால் மனசு சரியில்லை என்று அர்த்தம்.

அந்தக் கடையில் அளவுக் கரண்டி என்ற சாமான் கிடையாது. விடிவதற்கு முன் எலும்பை மூன்று தண்ணீரில் அலசி, வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் சுட்டு, இஞ்சி, மிளகு, கேரட், பார்லி எல்லாம் அதது நேரத்தில் போய்ச் சேரும். உப்பு மட்டும் கடைசி. மூடியைத் திறந்து கரண்டியால் இரண்டு சொட்டு புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார், ஒரு கைப்பிடி போடுவார், மறுபடி நக்குவார், பிறகு ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையில்தான் கடையே நின்றது. நாக்கு போன பிறகும் அவர் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. புறங்கையை நக்கிவிட்டு, வராத பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவரைப்போல அப்படியே நிற்பார்.

தம்பியைப் பார்க்கச் சொல்லலாம் என்றால், பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளாமல் எதுவும் இறங்காத நாக்கு அவனுடையது. அது நாக்கே இல்லை, மரக்கட்டை என்பார் அண்ணன். ஆகவே எழுந்து நடமாடிய முதல் நாள் அவர் மனைவியிடம்தான் ஒரு கிண்ணத்தை நீட்டினார். மூன்று வாரப் படுக்கையில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் குடித்தாள். உப்பு தொண்டையை அறுத்தது. அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"எப்பவும் போலத்தாங்க இருக்கு" என்றாள்.

அவர் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்துக்காக அவள் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள். சொல்லவும் வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆரம்பித்தால் தினமும் சோறு வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவர் முகம் கழுவப் போகிற நேரம் பார்த்து வெந்நீர் ஊற்றுவாள், உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவாள், குறைந்தால் உப்பைத் தூவுவாள். சனிக்கிழமையன்று அவள் குடையோடு தெருவில் இருப்பாள். சூப்பு அது இஷ்டத்துக்கு இருக்கும். தெருவாசிகள் இதைத் தெரிந்துகொண்டு சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கம் வருவதில்லை. மத்தியானத்துக்குள் அக்கா வந்து சரி செய்துவிடுவாள் என்று அவர்களுக்குக் கொழுந்தனே சொல்லி வைத்திருந்தான். தெருவுக்கே தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியாது.

ஆனால் நடைக்கு வருகிற வெளியூர்க்காரர்களை என்ன செய்வது? இங்கேதான் அவளுடைய தொழில் புத்தி வேலை செய்தது. எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள், எப்படி ருசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் போகிறது என்று நினைத்தாள். மில் மதிலைக் காட்டி முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அடுத்து வருவது அறுபது வருஷத்துக் கடை, பழைய ருசியை அப்படியே வைத்திருக்கிறார், உடம்பு சரியில்லாமல் எழுந்தவர், குடித்துவிட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் மனசு குளிரும் என்பாள். வந்தவர்கள் நல்லவர்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு ஒவ்வொருவராக, பழைய ருசி அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மீசை வைத்த ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, பழைய ருசி கொஞ்சங்கூட மாறவில்லை என்று மனதாரச் சொன்னார். சூப்புக்கடைக்காரர் மகிழ்ந்துபோய், முன்னால் எப்போது வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இதாங்க மொத தடவை. இந்த ஊருக்கே இப்பத்தான் வர்றேன்" என்றார் மீசைக்காரர்.

கொழுந்தன் கையிலிருந்த கிண்ணம் தொட்டியில் விழுந்தது. நடையக்கா உடனே புகுந்து, இவர் மீசையைப் பார்த்தாலே பழைய காலத்து ஆள் என்று தெரியவில்லையா என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டாள். சூப்புக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி, அணைந்திருந்த அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு இரவு சாப்பாட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை தூறல். பதினொரு பேர் பிளாஸ்டிக் மழைக்கோட்டும் குடையுமாகக் கடைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கொழுந்தன் கிண்ணங்களை வைத்தான். ஒவ்வொருவராகக் குடித்தார்கள், ஒவ்வொருவராகப் பாராட்டினார்கள். ஒரு அம்மாள் மட்டும் சொல்வதற்கு முன் நடையக்காவை ஒரு பார்வை பார்த்தாள். நடையக்கா தன் கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள்.

எலும்பின் சாரம் இருந்தது. சுட்ட வெங்காயம் இருந்தது. மிளகு இருந்தது. உப்பு ஒரு கல்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவர் வந்தவர்களைப் பார்க்கவில்லை. தோளில் துண்டோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும், ஐந்து மாதமாகப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"எப்பவும் போலத்தாங்க."

அவர் தலையை ஆட்டினார். வந்தவர்களை வாசல் வரைக்கும் போய், வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவைத்தார். அவள் அவர்களை மணிக்கூண்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது கடையில் கதவு பாதி சாத்தியிருந்தது. கொழுந்தன் ஈரக் கையோடு ஒரு மூலையில் நின்றான். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு உப்பே போடல" என்றார். "வேணும்னுதான் போடல."

அவள் கையிலிருந்த குடையை மடக்கினாள்.

"வெளியூர்க்காரங்க சொன்னது போகட்டும். நீ சொல்லிக் குடுத்ததச் சொல்றாங்க. நீ ஏன் சொன்னே?"

"ஒங்க முகத்தப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

"என் முகத்தப் பாத்துதானே மொத நாளே சொன்னே, அது நேத்து சுட்ட ரொட்டி, வாங்காதீங்கன்னு. மொதலாளியம்மா பக்கத்துலயே நின்னுட்டிருந்தாங்க. இந்தப் பொண்ணு நமக்குப் பொய் சொல்லமாட்டான்னு அன்னிக்கு நெனச்சேன். அத நம்பித்தான் இருபத்தெட்டு வருஷம்." துண்டை எடுத்து மடித்தார். "அஞ்சு மாசமா நாக்குதான் போச்சுன்னு இருந்தேன். நீயும் போயிட்டேன்னு தெரியாமப் போச்சு."

"அண்ணே, அண்ணி என்ன பண்ணுவாங்க..." என்று ஆரம்பித்த கொழுந்தன் அண்ணனின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவில்லை. திங்களும் திறக்கவில்லை. பெரிய பானையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கொழுந்தன் வந்து, கடையைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விடலாமா என்று அண்ணன் தரகரை விசாரித்ததாகச் சொன்னான். சொல்லும்போது கேலி ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் சண்டை என்று பார்த்தால் ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. வைத்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் எதைப் பற்றியும் அவளிடம் கேட்கவில்லை. மழை வருமா என்றுகூடத் தம்பியைத்தான் கேட்டார்.

வியாழக்கிழமை அவள் பேக்கரியில் போய் உட்கார்ந்து அழுதாள். பேக்கரிக்காரம்மா மாவுக் கையோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சமையல்காரனுக்கு நல்ல செய்தி எதற்கு, உப்பு கூடவா குறையா என்று தெரிந்தால் போதாதா என்றார். சூப்பு நன்றாக இல்லையென்றால் அவர் இன்னொரு கைப்பிடி போடுவார், வெந்நீர் ஊற்றுவார், அது அவர் தொழில்; எது என்றே சொல்லாமல் விட்டால் குருட்டாம்போக்கில் எத்தனை நாள் போடுவார் என்றும் கேட்டார். பிறகு அடுப்பு காய்கிறது என்று எழுந்துபோய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்குப் பதினாலு பேரு. பானைய ஏத்துங்க."

"யாருக்கு? ஒன் பேச்சுக் கேக்குறவங்களுக்கா?"

"ஒண்ணும் சொல்லாமக் கூட்டிட்டு வர்றேன். புடிக்கலன்னா புடிக்கலம்பாங்க."

அவர் கிராம்பை மூக்கருகே கொண்டுபோனார். மறுநாள் அவள் கிளம்பும்போது அவர் வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று கேட்க அவளுக்குத் தைரியமும் இல்லை.

அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. தெருவே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கும்போதே அவள் மனசு அங்கே இல்லை. சாறுக்கடையில் ஒரு இளம் ஜோடி ஒரே தம்ளரை வாங்கி ஆளுக்குப் பாதி குடித்ததைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சட்டக்கடையில் அந்தக் கழுதைப் படத்தைப் பற்றிச் சொல்கிற கதையைப் பாதியில் மறந்துவிட்டாள். கடைக்காரரே மீதியைச் சொல்லி முடித்தார். இந்தத் தெருவில் அவள் எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பாள்! கடைசித் திருப்பத்தில் யார் நிற்பார் என்று தெரியாமல் ஒரு நாளும் நடந்ததில்லை. மில் மதிலுக்கு வந்ததும் வழக்கமாகக் குரலைத் தாழ்த்துகிற இடத்தில் நின்றாள். அடுத்து என்ன என்று அந்த ஜோடியில் இருந்த பெண் கேட்டாள்.

"அடுத்து ஒரு கடை. தொறந்திருந்தா சூப்பு கெடைக்கும்" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

திருப்பத்துக்குப் பத்தடி இருக்கும்போதே வெங்காயம் சுடுகிற மணம் வந்தது. அவள் கால் தானாக வேகம் பிடித்தது. கதவு முழுக்கத் திறந்திருந்தது. அவர் அடுப்பருகே நின்றார், நிமிரவில்லை. கொழுந்தன் கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொண்டே அண்ணியைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கேட்டான். அவளுக்கே தெரியாததை அவனுக்கு எப்படிச் சொல்வாள்?

பதினாலு பேரும் குடித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தண்ணீர் கேட்டார். அந்த இளம்பெண் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தாள். கடைக்குள் கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. வாசலில் எதிர்க்கடைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

அவள் குடித்தாள். விழுங்கியதும் அந்தப் பழைய சொற்கள் வாய் வரைக்கும் வந்தன. இத்தனை பேர் முன்னாலா என்று மனசு அடித்துக்கொண்டது. தலை குனிந்தால் அழுதுவிடுவோம் என்று நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாயில்லீங்க" என்றாள். "உப்புக் கரிக்குது. இஞ்சியும் தூக்கலா இருக்கு."

தண்ணீர் கேட்டவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு கரிக்குது?" என்று கேட்டார் அவர்.

"குடிக்க முடியல."

அவர் பானையருகே போனார். வெந்நீர்க் குண்டானைத் தூக்கி இரண்டு சொம்பு ஊற்றினார். கிளறினார். கொதி வரக் காத்திருந்தார். கரண்டியில் மொண்டு ஊதி, அவள் வாயருகே நீட்டினார். கல்யாணமான புதிதில்கூட நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்ததில்லை.

"இப்ப?"

"இல்லீங்க. இன்னும் கரிக்குது."

இன்னொரு சொம்பு. மறுபடி கொதி. வந்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. கிண்ணத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"இப்ப?"

"இப்ப உப்பு சரி. தண்ணியாப் போச்சு."

"அப்பிடி வா" என்றார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தம்பியிடம் இன்னும் நாலு எலும்பும் ஒரு கைப்பிடி பார்லியும் கொண்டுவரச் சொன்னார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பானைக்குப் பக்கத்திலேயே நின்றாள். வந்தவர்களைப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரமாகும், அவசரமிருப்பவர்கள் போகலாம் என்றார் அவர். ஒருவரும் போகவில்லை.

அரை மணி கழித்து அவர் மூடியைத் திறந்தார்.

"இப்ப?"

"இன்னும் இல்லீங்க" என்றாள் அவள்.